கணித மேதை இராமானுஜனும் பத்துச் சமன்பாடுகளும்

கும்பகோணத்தைத் தொட்டுக்கொண்டு கிழக்கே ஓடிவரும் அரசலாறு நம் காரைக்காலில்தான் கடலோடு கலக்கிறது. விழிதியூரில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த ஆறு சிறு வயது முதல் பழக்கம். ஆனால் அது யாருடைய ஊர் வழியாக வருகிறது என்று நான் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. சென்ற ஆண்டு உறவினர் இல்லத் திருமணம் ஒன்றிற்காகக் குடந்தை சென்றிருந்தேன். முகூர்த்தம் முடிந்து பந்திக்கு இன்னும் நேரம் இருந்தது. கால்போன போக்கில் நடந்தவன், சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ஓடு வேய்ந்த ஒரு சிறிய வீட்டின் முன் நின்றேன். திண்ணை, தெருவைப் பார்த்த ஒரு சன்னல், அதையொட்டி ஒரு கட்டில். கணித மேதை சீனிவாச இராமானுஜன் வளர்ந்த வீடு அது. 2003ஆம் ஆண்டு முதல் சாஸ்திரா பல்கலைக்கழகம் அதை நினைவில்லமாகப் பேணி வருகிறது.

இராமானுஜனைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்தவை மூன்று. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்குச் சொன்னாள் என்பது ஒன்று. 1729 என்ற வாடகைக் கார் எண் மற்றொன்று. இளமையிலேயே மறைந்தார் என்பது மூன்றாவது. இந்த மூன்றும் அவரை நம்மிடமிருந்து வெகுதூரம் தள்ளி வைத்து விடுகின்றன. வணங்கலாம், ஆனால் நெருங்க முடியாது. நானும் அப்படித்தான் இருந்தேன். திருமணத்திலிருந்து திரும்பிய பிறகு, நம் துறை ஆசிரியர் ஒருவரிடம் அந்த வீட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் மறுநாளே இராமானுஜனின் கட்டுரைத் தொகுப்பு நூலைக் கொண்டுவந்து, அதில் மூன்றே பக்கமுள்ள ஒரு குறிப்பைக் காட்டி, இதை மட்டும் படித்துவிட்டு வா என்று அனுப்பினார். ஒருங்கமைச் சமன்பாடுகளைப் பற்றிய குறிப்பு அது. ஒன்பதாம் வகுப்பில் நாம் எல்லோரும் போட்ட அதே இனம்! அந்த வாசல் வழியாக நுழைந்து அவர் வாழ்க்கையைச் சொல்லிப் பார்க்கிறேன்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் குடந்தையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியவர். மாதம் இருபது ரூபாய் அளவில் சம்பளம். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பாடிச் சிறு வருவாய் ஈட்டியவர். வீட்டில் மாணவர்களுக்கு உணவளித்து வாடகைக்கு வைத்துக் கொள்வதும் உண்டு. 1897இல் தொடக்கப் பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாகத் தேறிய சிறுவன், அடுத்த ஆண்டு டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தான்.

அந்தப் பள்ளிக்கூட நாட்களைப் பற்றிச் சொல்லப்படும் நிகழ்ச்சிகளில் இரண்டு என் பொருளுக்கு உரியவை. ஒன்று: கணிதத்தில் கெட்டிக்காரன் என்று கேள்விப்பட்ட ஒரு மூத்த மாணவர் அவரைச் சோதிக்க ஒரு கணக்குக் கொடுத்தார். ஓர் எண்ணின் வர்க்கமூலத்தோடு இரண்டாவது எண்ணைக் கூட்டினால் 7. இரண்டாவதன் வர்க்கமூலத்தோடு முதல் எண்ணைக் கூட்டினால் 11. எண்கள் எவை? முறைப்படி ஒன்றை நீக்கினால் நாற்படிச் சமன்பாடு ஒன்று வந்து வழியை மறித்து நிற்கும். இராமானுஜன் அரை நிமிடத்தில் 9, 4 என்று சொல்லிவிட்டார். கேட்டவர் அன்று முதல் நண்பரானார். மற்றொன்று: பள்ளியின் காலஅட்டவணை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர், முப்பத்தைந்து பேரளவில் ஆசிரியர், இத்தனை வகுப்பு, இத்தனை மணி. எதையும் எதனோடும் மோதாமல் அமைக்க வேண்டும். கணித ஆசிரியர் கணபதி சுப்பையர் அந்தப் பொறுப்பை இந்தப் பையனிடம் ஒப்படைத்து வந்தார். இன்று நம் கல்லூரியில் கால அட்டவணை போடுகிற பேராசிரியர்களைக் கேட்டால் அதிலுள்ள தலைவலி எத்தகையது என்று சொல்வார்கள்.

தெரியாதவை பல, அவற்றைப் பிணைக்கும் நிபந்தனைகள் பல என்ற இந்தப் புதிர் நம் நாட்டுக்குப் புதிதன்று. 9ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த மகாவீரர் என்ற சமணக் கணித அறிஞர் தம் கணித சார சங்கிரகத்தில் இப்படி ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: 9 நார்த்தங்காயும் 7 விளாம்பழமும் சேர்ந்து விலை 107. 7 நார்த்தங்காயும் 9 விளாம்பழமும் சேர்ந்து விலை 101. ஒவ்வொன்றின் விலை என்ன? ஒன்றை நீக்கினால் மற்றது தானே வெளிப்படும். நார்த்தங்காய் 8, விளாம்பழம் 5. தெரியாதவை இரண்டானாலும் இருநூறானாலும், சமன்பாடுகள் ஒருபடியாக இருக்கும் வரை, ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போகலாம். கை வலிக்கும், மூளை வலிக்காது. தெரியாதவை ஒன்றையொன்று பெருக்கிக்கொண்டு, அடுக்கேறி வரத் தொடங்கினால்தான் ஆபத்து. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வேண்டியிருக்கும்.

1903இல் அவர் கைக்குக் கார் என்பவர் தொகுத்த ஒரு நூல் கிடைத்தது. லண்டனில் தேர்வுக்குப் பயிற்சி அளித்து வந்த ஆசிரியர் அவர். ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். நிறுவல் என்பது பெரும்பாலும் ஒரு வரிச் சாடையோடு சரி. நம்மில் ஒருவருக்குக் கிடைத்திருந்தால் தேர்வுக்கு உதவாத நூல் என்று மூடி வைத்திருப்போம். அவரோ ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கினார். காகிதம் வாங்கப் பணமில்லை. சிலேட்டில் எழுதுவார், முழங்கையால் அழிப்பார், மீண்டும் எழுதுவார், முடிவை மட்டும் நோட்டில் குறித்துக் கொள்வார். வழி அழிந்து முடிவு மட்டும் நின்றது இப்படித்தான். கனவில் வந்த கணக்குகள் என்று பிற்காலத்தில் பேசப்பட்டவற்றில் பெரும்பகுதிக்கு அந்தத் தேய்ந்த முழங்கையே சாட்சி என்பது என் எண்ணம். அவர் தெய்வ பக்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. உழைப்பை யாரும் மறைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

1904இல் பள்ளியின் கணிதப் பரிசோடும் கல்லூரி உதவித்தொகையோடும் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். காவிரிக் கரையிலுள்ள அந்தக் கல்லூரி 1854இல் தோன்றியது. தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெயர் பெற்றது. எஃப்.ஏ. வகுப்பில் கணிதம் மட்டும் போதாது. ஆங்கிலம், சமஸ்கிருதம், உடலியல், கிரேக்க உரோமானிய வரலாறு எல்லாம் உண்டு. வரலாற்று வகுப்பிலும் அவர் கணக்கே போட்டுக் கொண்டிருந்தார். ஆங்கிலக் கட்டுரையில் தவறினார். உதவித்தொகை பறிபோயிற்று. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்கு ஓடிப்போனார். திரும்பி வந்து, 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தவளையின் வயிற்றை ஆராய்ச்சி செய்யும் உடலியல் அவருக்கு எமனாயிற்று. 1906 டிசம்பரில் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. 1907இல் தனியாக எழுதி மீண்டும் தோல்வி. அதோடு அவருடைய கல்லூரிப் படிப்பு முடிந்தது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக் கொள்ள வேண்டியிருக்கிறது. முதலாண்டில் ஆங்கிலத் தாளில் நானும் தோற்றேன். மேதையோடு என்னை ஒப்பிடவில்லை. அப்படி ஒப்பிட்டால் விழிதியூரில் என்னைச் சிரிப்பார்கள். ஆனால் தோல்விப் பட்டியல் ஒட்டிய பலகைக்கு முன் நின்றபோது ஒருவனுக்கு என்ன தோன்றும் என்பது எனக்குத் தெரியும். படிப்பை நிறுத்திவிட்டுக் கடை ஒன்றில் சேர்ந்துவிடலாமா என்று ஒரு மாதம் முழுதும் யோசித்துக் கொண்டிருந்தேன். எனக்கு மறுமுறை தேர்வெழுத வழி இருந்தது, கட்டணம் கட்ட அப்பா இருந்தார். இராமானுஜனுக்குக் கல்லூரியின் கதவு சாத்திக் கொண்டது. அந்தக் கல்லூரி ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. விதிகள் அப்படி இருந்தன. அவர்கள் விதிப்படி நடந்தார்கள். அந்த விதிகளுக்குள் அவர் அடங்கவில்லை, அவ்வளவே.

அடுத்த சில ஆண்டுகள் வறுமைதான். 1909 ஜூலையில் ஜானகி அம்மாளுடன் திருமணம் நடந்தது. மணமகளுக்குப் பத்து வயது. குடும்பம் என்று ஒன்று ஏற்பட்டபின் வேலை தேடி அலைந்தார். நோட்டுப் புத்தகங்களே அவருடைய நற்சான்றிதழ். 1910இல் திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயரைப் போய்ப் பார்த்தார். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் அவர். தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை கிடைத்தால் போதும் என்பதே இராமானுஜனின் விண்ணப்பம். நோட்டைப் புரட்டிப் பார்த்த இராமசாமி ஐயர், இந்த மனிதரை அந்த வேலையில் அமர்த்திப் பாழாக்கக் கூடாது என்று கருதி, சென்னையிலுள்ள கணித அன்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். வேலை கொடுக்க மறுத்து ஒருவர் செய்த பேருதவி இது! பி. வி. சேஷு ஐயர் வழியாக நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவிடம் போய்ச் சேர்ந்தார். அவர் மாதம் 25 ரூபாய் அனுப்பி ஓராண்டுக் காலம் தாங்கினார். இலவசப் பணத்தில் வாழ மனமில்லாமல், இராமானுஜன் 1912 மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்கரானார். துறைமுகத்தில் கிடக்கும் பொட்டலக் காகிதங்களைப் பொறுக்கிக் கணக்கெழுதுவார் என்று சொல்வார்கள். மேலதிகாரி எஸ். நாராயண ஐயரும் கணிதம் கற்றவர். இரவு நேரங்களில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்து விடுவார்கள்.

அந்த 1912ஆம் ஆண்டில்தான் நான் சொன்ன குறிப்பு இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அவருடைய முதல் கட்டுரை அதற்கு முந்திய ஆண்டில், பெர்னூலி எண்களைப் பற்றி வந்திருந்தது. அதை அச்சேற்றும்படி திருத்தி வாங்குவதற்குள் இதழாசிரியர் பட்ட பாடு கொஞ்சமன்று. படிகளைத் தாவித் தாவி எழுதும் பழக்கம் அப்படி. இந்தக் குறிப்போ தெளிந்த நீரோடை போல இருக்கிறது.

அதன் பொருள் என்ன? குளத்தை வைத்துச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்துக் குளம் ஒன்றில் இரண்டு வகைக் கொடிகள் கலந்து படர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் வகை இன்று அ குழி இடத்தை அடைத்திருக்கிறது, வாரந்தோறும் க மடங்காகிறது. இரண்டாம் வகை இ குழி, வாரந்தோறும் ச மடங்கு. கரையில் நிற்பவனுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மொத்தம் எத்தனை குழி மூடியிருக்கிறது என்று மட்டும் அளக்கிறான். முதல் நாள் 5, ஒரு வாரம் கழித்து 12, பிறகு 30, பிறகு 78. ஆகவே:

அ + இ = 5
அ×க + இ×ச = 12
அ×க² + இ×ச² = 30
அ×க³ + இ×ச³ = 78

தெரியாதவை நான்கு, சமன்பாடுகளும் நான்கு. ஆனால் இவை நார்த்தங்காய்க் கணக்கு அல்ல. தெரியாதது தெரியாததைப் பெருக்குகிறது, அடுக்கும் ஏறுகிறது. நீக்கல் முறையில் புகுந்தால் வெளியே வர முடியாது. நான் ஒரு மாலைப்பொழுது முழுவதும் முயன்று, நான்கு தாளை வீணாக்கிய பிறகே இதைச் சொல்கிறேன்.

இராமானுஜன் என்ன செய்தார்? ம என்று ஒரு புதிய குறியை எடுத்துக்கொண்டு, அ ÷ (1 − க×ம) என்ற பின்னத்தையும் இ ÷ (1 − ச×ம) என்ற பின்னத்தையும் கூட்டினார். முதல் பின்னத்தைத் தொடராக விரித்தால் அ, அ×க, அ×க² என்பவை ம-வின் அடுக்குகளுக்குக் கெழுக்களாக வரிசையில் வந்து நிற்கும். இரண்டாவதும் அப்படியே. எனவே கூட்டுத் தொடரின் கெழுக்கள் 5, 12, 30, 78 என்று நமக்குத் தெரிந்த எண்களாகவே அமைந்துவிடும். இரண்டு பின்னத்தையும் ஒரே பின்னமாக்கினால், கீழே இருப்பது ஓர் இருபடிக் கோவை. அதன் கெழுக்களை மட்டும் கண்டுபிடித்தால் போதும். அவற்றைக் கண்டுபிடிக்க வேண்டிய சமன்பாடுகள் எல்லாம் ஒருபடி! நான்கு காலும் கட்டப்பட்டுக் கிடந்த கணக்கு, பழைய நார்த்தங்காய்க் கணக்காக எழுந்து நிற்கிறது.

செய்து பார்ப்போம். ஒவ்வொரு வார அளவும் அதற்கு முந்திய வார அளவின் ப மடங்கும், அதற்கும் முந்தியதன் வ மடங்கும் சேர்ந்ததாக இருக்கும். அப்படியானால் 12ப + 5வ = 30, 30ப + 12வ = 78. முதலாவதை 12ஆலும் இரண்டாவதை 5ஆலும் பெருக்கிக் கழித்தால் 6ப = 30. ப = 5, வ = −6. இனி, தன் வர்க்கம் தன் 5 மடங்கிலிருந்து 6 குறைந்ததற்குச் சமமாக உள்ள எண்கள் எவை? 3, 2. அவைதாம் க, ச. கொடிகளின் வேகம் தெரிந்துவிட்டது. மீண்டும் மேலே போய், அ + இ = 5, 3அ + 2இ = 12 என்று போட்டால், அ = 2, இ = 3. முன்னும் பின்னும் ஒருபடிச் சமன்பாடுகள், நடுவில் ஒரே ஓர் இருபடிச் சமன்பாடு. இவ்வளவுதான் சூழ்ச்சி. நான்கிற்குச் செய்ததை எத்தனைக்கும் செய்யலாம் என்பதை அவர் பொதுவாகவே நிறுவிக் காட்டிவிட்டார்.

பொதுவிதி சொன்னபின் ஓர் எடுத்துக்காட்டும் தருகிறார். ஐந்து கொடிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரியாதவை பத்து, சமன்பாடுகள் பத்து. வலப்புறத்து எண்கள் வரிசையாக 2, 3, 16, 31, 103, 235, 674, 1669, 4526, 11595. முன் சொன்னபடி, ஐந்து தெரியாதவற்றைக் கொண்ட ஐந்து ஒருபடிச் சமன்பாடுகளைத் தீர்த்தால் 1, 5, −1, −3, 1 என்ற ஐந்து எண்கள் கிடைக்கும். சரிபார்க்கலாம்: 103இன் 1 மடங்கு, 31இன் 5 மடங்கு, 16இன் −1 மடங்கு, 3இன் −3 மடங்கு, 2இன் 1 மடங்கு; அதாவது 103 + 155 − 16 − 9 + 2 = 235. ஆறாவது எண் வந்துவிட்டது. அப்படியே ஒவ்வோர் எண்ணாக நகர்ந்து 11595 வரை போகலாம்.

பிறகு வருவது ஐம்படிச் சமன்பாடு. ஐம்படிச் சமன்பாட்டுக்குப் பொதுத் தீர்வு சூத்திரம் கிடையாது என்பதை நாம் படித்திருக்கிறோம். ஆனால் இது மூன்றாக உடைகிறது: ஒன்று ஒருபடி, மற்ற இரண்டும் இருபடி. ஒருபடியிலிருந்து −1 வருகிறது. மற்றவற்றிலிருந்து 3 ± √5 இன் பாதியும், −1 ± √5 இன் பாதியும் வருகின்றன. பொன் விகிதத்தின் குடும்பம் அது. இவ்வளவு அழகாக உடைவது தற்செயல் அன்று. விடையை முதலில் வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கட்டிய கணக்கு என்பது பார்த்தவுடன் தெரிகிறது. நல்ல ஆசிரியர்கள் கரும்பலகைக்குக் கணக்குத் தயாரிப்பது இப்படித்தானே! எஃப்.ஏ. தேறாத அந்தக் கணக்கருக்குள் ஒரு கல்லூரி ஆசிரியர் இருந்திருக்கிறார் என்பதை இந்தப் பத்து எண்களில் நான் கண்டேன்.

அடுத்த ஆண்டு, 1913 ஜனவரி 16ஆம் நாளிட்டு அவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதமும், அதன் பின் நடந்தவையும் நாடறிந்தவை. சென்னைப் பல்கலைக்கழகம் 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச்சு 17இல் கப்பலேறினார். 1916இல் ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜின் பி.ஏ. பட்டம் கிடைத்தது. இரண்டு முறை எஃப்.ஏ.வில் விழுந்தவருக்கு! 1918இல் எஃப்.ஆர்.எஸ். ஆனார். அதே ஆண்டு டிரினிட்டிக் கல்லூரியின் ஃபெல்லோ ஆனார். போர்க்காலம், குளிர், சைவ உணவுக்குத் தட்டுப்பாடு, தனிமை, நோய். 1919 மார்ச்சில் பம்பாய் வந்து இறங்கினார். கொடுமுடியிலும் குடந்தையிலும் இருந்து பார்த்தும் உடல் தேறவில்லை. 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் 32 வயதில் காலமானார். கடைசி மாதங்களிலும் படுக்கையில் கிடந்தபடியே கணக்கெழுதினார். அந்தத் தாள்கள் டிரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் கிடந்து, 1976இல்தான் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞரின் கண்ணில் பட்டன. ஜானகி அம்மாள் 1994 வரை வாழ்ந்தார்.

அவர் இளமையில் இறந்ததைவிடப் பெரிய துயரம், இருபத்தைந்து வயதுக்கு முந்திய ஆண்டுகளைத் துணையும் நூலும் இல்லாமல் இழந்ததே என்று ஹார்டி பின்னாளில் கருதினார். நம் மூன்று பக்கக் குறிப்பே இதற்கு ஒரு சான்று. ஏனெனில், கொடிகளைப் பிரிக்கும் இந்த வழியைப் பிரெஞ்சுப் பொறியியலறிஞர் புரோனி 1795லேயே கண்டிருந்தார். ஆவிகள் வெப்பத்தால் விரிவதைக் கணக்கிட அவருக்கு அது தேவைப்பட்டது. 1851இல் இங்கிலாந்தின் சில்வெஸ்டர் வேறொரு பாதையில் அதே சமன்பாடுகளை வந்தடைந்தார். இராமானுஜன் நூறு ஆண்டுகளுக்கும் முன்பே வெட்டப்பட்ட கிணற்றை மீண்டும் வெட்டினார். அது வீண் உழைப்பா? இந்தக் கேள்வியை நான் பல நாள் சுமந்தேன். முதலில் ஆம் என்றே தோன்றியது. ஒரு நல்ல நூலகம் இருந்திருந்தால் அந்த நேரத்தில் வேறொன்று செய்திருப்பாரே! இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தொடரும் பின்னமும் அவர் கையில் களிமண் போலக் குழைந்தது இப்படித் தாமே வெட்டி வெட்டித்தான். ஆனாலும், அந்தக் கை இருந்த ஒருவனை ஏழு ஆண்டுகள் அலைய விட்டோம் என்பது மாறிவிடாது.

கிணறு யார் வெட்டியதானாலும் தண்ணீர் இன்று எங்கே பாய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விழிதியூர்த் தேநீர்க் கடையில் பணம் செலுத்துவதற்காக ஒட்டி வைத்திருக்கும் கட்டம் போட்ட கியூஆர் அட்டையைப் பாருங்கள். எண்ணெய் படிந்திருக்கும், ஒரு மூலை கிழிந்திருக்கும், ஆனாலும் கைப்பேசி அதைப் படித்துவிடும். 1960இல் ரீடு, சாலமன் என்ற இரு அமெரிக்கர் வகுத்த பிழைதிருத்து முறை அதற்குள் இருக்கிறது. எந்த எந்த இடத்தில் சேதம், ஒவ்வோரிடத்திலும் எவ்வளவு சேதம் என்ற இரண்டும் கருவிக்குத் தெரியாது. கூட்டுத் தொகைகள் மட்டும் தெரியும். குளக்கரையில் நின்றவனுக்கு வந்த அதே நிலைதான்! சேதத்தின் அளவு அ, இ போல. இடம் க, ச போல. எண்களின் உலகம் மட்டும் வேறு: அங்கே கணக்குகள் வரம்புள்ள ஓர் எண் தொகுதிக்குள் சுழல்கின்றன. முதலில் ஒருபடிச் சமன்பாடுகளைத் தீர்த்து ஒரு கோவையைக் கண்டு, அதன் மூலங்களால் இடத்தைக் கண்டு, மறுபடியும் ஒருபடிச் சமன்பாட்டால் அளவைக் கண்டு கருவி பிழையைத் திருத்துகிறது. மிக உயர்ந்த நிலையில் ஏறத்தாழ முப்பது சதவிகிதம் வரை சேதத்தைத் தாங்கும். இதை அமைத்தவர்கள் இராமானுஜன் குறிப்பைப் பார்த்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. புகழ் சேர்ப்பதற்காகப் பொய் சேர்க்கக் கூடாது. சமன்பாடுகள் அவையேதாம் என்பது மட்டும் உண்மை.

நூலைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, ஆசிரியர் ஒன்று கேட்டார்: ஐந்து கொடிகளும் இன்னும் ஒரு வாரம் வளர்ந்தால் பதினோராவது எண் என்ன? இராமானுஜன் பத்தோடு நிறுத்திவிட்டார். திருமண அழைப்பிதழின் பின்புறத்தில் எழுதிப் பார்த்தேன். 11595 + 22630 − 1669 − 2022 + 235. விடை 30769. நான் கூட்டியது சரிதானா என்று, √5 வரும் அந்த ஐந்து விடைகளை நேராக அடுக்கேற்றிக் கூட்டியும் பார்த்தேன். √5 எல்லாம் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மறைந்தன. 30769தான் வந்தது.